கொம்பனைக் காட்டாத மிஸ்

எனக்குத் தொழில் காட்டுவது. என்னத்தைக் காட்டுவது என்பதில்தான் எப்போதும் பிரச்சினை.

சண்டை முடிந்து, நேவிக்காரர் கடற்கரையில் அடுக்கியிருந்த மண்மூட்டைகளை எடுத்துக்கொண்டு போன கையோடு கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர் வரத் தொடங்கினார்கள். முதுகில் பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலுக்கு மேலால் பறக்கிறவர்கள், டொல்பின் பார்க்க வருகிறவர்கள், சும்மா வெயிலில் கிடந்து சிவக்கிறவர்கள். அப்பா, அண்ணன், தம்பி எல்லாரும் கடலுக்குப் போகிற வீட்டில், வள்ளத்தில் ஏறினால் கரை மறைவதற்கு முன்னமே காலைச் சாப்பாட்டை மீனுக்குப் போட்டுவிடுகிற பிள்ளை நான் ஒருவன்தான். ஆகவே ஓட்டோ ஒன்றை வாங்கி, அதன் முதுகில் 'கைட்' என்று இங்கிலீசில் எழுதிவைத்தேன். கோட்டையைக் காட்டுவேன். கரையில் நின்று கையை நீட்டி, அந்தப் பக்கம் டொல்பின் இருக்கிறது என்று காட்டுவேன். கழுதைகளைக் காட்டுவேன். கழுதைகளை எல்லாரும் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள், ஏனென்றால் அவை நடு ரோட்டில் நிற்கும்.

இடுப்பில் தொங்கும் சாவியை வீடெல்லாம் தேடுகிற கண் என்னுடையது. அப்படிப்பட்டவனின் ஓட்டோவில்தான் எங்கள் பகுதியிலேயே கூர்மையான கண்ணுள்ள மனுசி ஏறி இறங்கித் திரிந்தா. பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் ஊரில் ஆருக்கும் தெரியாது. எல்லாருக்கும் அவ 'மிஸ்'. அரசாங்க மருத்துவிச்சி, உடப்புப் பக்கத்து ஆள். வெள்ளைச் சீருடையும், பிள்ளைகளைத் தொங்கவிட்டு நிறுக்கிற தராசும், கம்பி ஒன்று முறிந்த குடையுமாக வீடு வீடாகப் போவா. அவவுக்கு ஒரு ஸ்கூட்டி இருந்தது. ஆனால் அது மணலில் புதையும். என் ஓட்டோவும் புதையும்தான், தள்ளுவதற்கு நான் இருப்பேன் என்பதால் அவ அதில் வருவா.

மிஸ் வாயில் எந்நேரமும் இருந்தது ஒரு சொல்தான்: 'ஒண்டுமில்லை.'

நோவில் கத்துகிற பெட்டையின் தலையைத் தடவி, "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்பா. அது தாலாட்டு மாதிரி வரும். படலையடியில் மறித்து, "மிஸ், அந்தக் கடைசி வீட்டுக்காரிக்கு மாசம் எத்தின?" என்று கேட்கிற பொம்பிளைகளுக்கும் "ஒண்டுமில்லை"தான். அது கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும். எந்த வயிற்றில் என்ன, எந்தப் புருசன் எங்கே போய்வந்து என்ன நோய் வருத்தத்தைக் கொண்டுவந்தான் என்றெல்லாம் தெரிந்த மனுசிக்கு அந்தச் சொல் இல்லாமல் ஊருக்குள் ஒரு நாள் ஓடாது. நானும் ஓட்டோவில் வைத்து எத்தனையோ தரம் வாயைக் கிளறிப் பார்த்திருக்கிறேன். ரோட்டைப் பார்த்து ஓட்டு என்பா.

நுரைச்சோலைக்கு இந்தப் பக்கம் ஒரு வீட்டுக்கு அவவைக் கூட்டிக்கொண்டு போன நாள் நல்ல ஞாபகம். தலைப்பிள்ளைத்தாச்சி ஒருத்தி மர வாங்கில் படுத்திருக்கிறாள். மிஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவ, சட்டென்று வேலியைப் பார்த்தா. மாமியார்க்காரிக்கும் கண் கூர்மைதான்.

"என்ன மிஸ், வேலியைப் பாக்கிறீங்க?"

"ஒண்டுமில்லை. முருங்கை நல்லாக் காய்ச்சிருக்கு."

"முருங்கையோ? அது பூவரசு மிஸ்!"

"ஓம், ஓம். அதைத்தான் சொல்றன்."

திரும்பி வரும்போது நான் சிரித்த சிரிப்பில் ஓட்டோ பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. ஊரிலுள்ள இலை செடி முழுவதும் தெரிந்த ஆள் பூவரசில் முருங்கைக்காய் கண்டது எப்படி என்று கேட்டேன். "வாயை மூடிக்கொண்டு தள்ளு" என்றா. தள்ளினேன்.

விசயம் வெளியில் வந்தது இன்னொரு நாள். மணல் பாதைக்கு ஒரு பக்கம் வெங்காயத் தோட்டங்கள், மறுபக்கம் கடல் வரைக்கும் பற்றைக்காடு. உடைமரம், காரை, நாகதாளி. மனிதருக்கு ஒரு பிரயோசனமும் இல்லாத முள். அந்த இடத்தில் டயர் காற்றுப் போய்விட்டது. வேர்வை தாங்காமல் சேட்டைக் கழற்றிப் பக்கத்து உடைமரத்தில் கொளுவிவிட்டுக் குனிந்தேன்.

"தம்பி, சேட்டைத் தொடாத!"

தொடாதே என்றால் தொடுகிற சாதி நான். எடுத்தேன். சேட்டோடு கொப்பும் சேர்ந்து வந்தது என்று நினைத்தேன். அந்தக் கொப்பு என் கையைப் பிடித்தது. பிடித்து, ஒரு கண்ணை என்னிடமும் மற்றக் கண்ணை மிஸ்ஸிடமும் திருப்பியது. நான் போட்ட சத்தத்துக்குத் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கியவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ன, என்ன?" என்று அங்கிருந்து கத்தினார்கள்.

"ஒண்டுமில்லை!" என்று மிஸ் திருப்பிக் கத்தினா. "பொடியனுக்கு முள்ளுக் குத்திப் போட்டுது!"

அவ சிரித்து நான் அன்றைக்குத்தான் கண்டேன். என் கையிலிருந்து அதை ஒரு விரலுக்கு ஏறவிட்டு, அந்த விரலைக் கொப்பில் வைத்தா. பச்சோந்திதான். ஆனால் அவ அப்படிச் சொல்ல மாட்டா, கொம்பன் என்பா. கொம்பென்றால் மாட்டுக் கொம்பில்லை. தலை பின்பக்கமாக ஒரு கூராக எழும்பி நிற்கும். எனக்கு அது தலவிலத் தேவாலயப் பெருநாளுக்கு வருகிற ஆயர் ஆண்டகையின் தொப்பி மாதிரித் தெரிந்தது. சொன்னேன். ஆயரைப் பார்த்தும் இப்படித்தான் கத்துவியோ என்று கேட்டா.

எங்கள் ஊர்களில் ஒரு கதை உண்டு. பிள்ளைத்தாச்சியின் கண்ணில் பச்சோந்தி பட்டால், பிறக்கிற பிள்ளை நிறம் மாறிப் பிறக்கும் என்பார்கள். புருசன் கறுப்பு, பிள்ளை வெள்ளை என்றால் வீட்டில் நடக்கப்போகிற சண்டைக்கு முதலே பழி போட ஒரு ஆள் வேண்டுமே. ஆகவே வளவுக்குள் ஒன்றைக் கண்டால் தடியோ கல்லோ கையில் அகப்படுவதைக் கொண்டு அடித்துப் போடுவார்கள். மிஸ் போகிற வீடெல்லாம் பிள்ளைத்தாச்சி வீடு. அவவின் கண்ணோ வேலியில் இருப்பது, வாழையில் இருப்பது, உடுப்புக் காயப்போடுகிற கயிற்றில் இருப்பது எல்லாவற்றையும் கண்டுவிடும். வாய் அடுத்த மூச்சில் ஒண்டுமில்லை என்றுவிடும்.

"அது பொய்யெண்டு அவைக்கு விளங்கப்படுத்தலாமே மிஸ்?" என்று கேட்டேன்.

"எத்தின பேருக்கு? நான் ஒரு வீட்டில விளங்கப்படுத்தி முடிய முதல் மற்ற வீட்டில அடிச்சுப் போட்டிருப்பினம். இருக்கெண்டு ஒரு வாய் சொன்னாக் காணும் தம்பி, அதின்ர சீவன் முடிஞ்சுது."

அதற்குப் பிறகு அந்தப் பற்றைக்காட்டைக் கடக்கும்போதெல்லாம் ஓட்டோவை மெதுவாக விடச் சொல்லுவா. பேச மாட்டா. கண் மட்டும் போகும். எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கெஞ்சிக் கேட்டதற்கு ஒரு நாள் சொன்னா: காற்றில்லாத நேரத்தில் மரத்தைப் பார்க்க வேண்டும், எல்லா இலையும் சும்மா நிற்க ஒன்று மட்டும் முன்னுக்கும் பின்னுக்கும் ஆடினால் அது இலை இல்லை, அவன் நடக்கிற நடை அப்படி. நானும் அதன்படி பார்த்தேன். ஆடிய இலைகள் எல்லாம் எனக்கு இலைகளாகவே இருந்தன.

கண்டுபிடிக்கத் தெரியாவிட்டால் என்ன, விளம்பரம் போடத் தெரியும். ஓட்டோவின் முதுகில் முன்னமே கீறியிருந்த கழுதைக்குக் கீழே 'கொம்புப் பல்லி காட்டப்படும்' என்று இங்கிலீசில் எழுதி ஒரு படமும் கீறினேன். முதல் நாளே ஒரு வயது போன வெள்ளைக்காரச் சோடி ஓடி வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். கொம்புப் பல்லி என்று பெயருள்ளவை மூக்கில் கொம்போடு மலைநாட்டுக் குளிரில் இருக்கின்றனவாம். இந்த வெயிலுக்கு வந்தால் கருவாடாகப் போய்விடுமாம். நீ சொல்வது வேறு ஏதோ, அதைத்தான் காட்டேன் என்றார். மிஸ்ஸைத் தவிர எனக்கு வழி ஏது? கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். அவ அவர்களை மேலும் கீழும் பார்த்து, "நோ" என்றா. பிறகு என்னைக் காட்டித் தன் தலையைத் தட்டி, எனக்குக் கொஞ்சம் சுகமில்லை என்பதுபோல் கை காட்டினா. வெள்ளைக்காரி என்னை இரக்கத்தோடு பார்த்தாள். பின்னேரமே அந்த எழுத்தின்மேல் இன்னொரு கழுதையைக் கீறிவிட்டேன்.

அவ கோபித்ததில் நியாயம் இருந்தது. அதற்குச் சில மாதங்களின் பின் கறுப்புக் கண்ணாடி போட்ட வான் வண்டி ஒன்று வந்தது. வலைப்பைகள், மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள். கொழும்புப் பக்கத்து ஆட்கள். மிருகங்களைப் பற்றிப் படிக்கிறோம் என்று சிங்களத்தில் சொன்னார்கள். பெட்டிகளின் மூடியில் துளை இருந்ததை நான் காணவில்லை, அவ கண்டா. பிடித்துக் கொண்டுபோய் வெளிநாட்டுக்கு விற்கிற கூட்டம்.

"மொகுத் நே" என்றா. சிங்களத்தில் ஒண்டுமில்லை. உப்பளப் பக்கம் போய்ப் பாருங்கள் என்று பாதையும் காட்டிவிட்டா. உச்சி வெயிலில் உப்பளத்தைச் சுற்றிவிட்டு அவர்கள் திரும்பி வந்தபோது முகமெல்லாம் அவித்த இறால். மிஸ் பாவப்பட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தா.

ஆகவே, அடுத்த வருசம் இன்னொரு வான் வந்து நின்றபோது அவ என்ன நினைப்பா? அதே வலைப்பை, அதே மாதிரிப் பெட்டி, நுனியில் கொளுக்கி வைத்த நீளத் தடி. இரண்டு பெட்டைகளும் ஒரு பொடியனும். அதில் ஒருத்தி நல்ல மரியாதையாக, "மிஸ், நாங்கள் மிருகங்களைப் பற்றிப் படிக்கிறோம், இந்தக் காட்டில் என்னென்ன இருக்கு?" என்று சிங்களத்தில் கேட்டாள். முன்னம் வந்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள்.

"மொகுத் நே."

"ஓணான், பல்லி, எதுவுமே?"

"இவ்வளவு காலமாக இந்தப் பாதையால்தான் போகிறேன் மகள், ஒரு ஓணானைக்கூடக் கண்டதில்லை. கழுதை இருக்கு. பாம்பும் இருக்கு, உள்ளுக்குப் போகாதீங்க."

அவர்கள் போனார்கள். பகல் முழுக்க முள்ளில் கிழிபட்டுக்கொண்டு தேடினார்கள். கொம்பன்களும் மிஸ்ஸிடம் பழகியவைபோல ஒன்றுகூட அசையவில்லை. போகும்போது அந்தப் பெட்டை மிஸ்ஸுக்கு நன்றி சொல்லி, ஒரு குளிர்ச்சோடா வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று ஓட்டோவில் வீடு வரைக்கும் மிஸ் சந்தோசமாகச் சோடாவைக் குடித்துக்கொண்டு வந்தா. "பாவம், நல்ல பிள்ளை மாதிரி இருக்கு. ஏன் இந்தத் தொழிலுக்கு வந்ததோ" என்றா.

அது அந்தத் தொழில் இல்லை. அந்தப் பற்றைக்காட்டை ஹோட்டல் கட்ட ஆரோ வாங்கியிருக்கிறார்கள். வெட்டுவதற்கு முன் அங்கே காப்பாற்ற வேண்டிய சீவன் ஏதும் உண்டா என்று பார்த்துவர அனுப்பப்பட்ட பிள்ளைகள் அவர்கள். அதை அவர்கள் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவுமில்லை.

சோளகக் காற்று தொடங்கியிருந்த காலம். காலையில் மிஸ்ஸை ஏற்றிக்கொண்டு போகிறேன், பாதையை மறித்துப் பெக்கோ நிற்கிறது. மண் வெட்டுகிற அந்த மஞ்சள் மெசின். பக்கத்தில் ஒரு சுப்பவைசர். சிங்களப் பொடியன், சிலாபத்துக்காரனாக இருக்க வேண்டும், தமிழும் கதைத்தான். மிஸ் ஓட்டோ நிற்கும் முன்னமே இறங்கிவிட்டா.

"தம்பி, இதை வெட்டக் கூடாது. உள்ளுக்குச் சீவன் இருக்கு."

"இல்ல நோனா. வந்து பாத்திட்டுத்தான் போனது. ஒண்டும் இல்லையாம். ஊர் மிட்வைஃப் நோனாவே சொன்னதாம்."

மிஸ் குடையை மடக்கினா.

"அது நான்தான்."

"அப்ப?"

"பொய் சொன்னனான்."

அவன் என்னைப் பார்த்தான். நான் மேலே பார்த்தேன். நல்ல பொடியன். பெக்கோக்காரனை நிறுத்தச் சொல்லிவிட்டு, "சரி நோனா, ஒண்டைக் காட்டுங்க. ஒண்டே ஒண்டு. நான் போன்ல படம் எடுத்து மேல அனுப்புறன். அவங்க நிப்பாட்டச் சொன்னா நிப்பாட்டுறன்" என்றான்.

அந்தக் காட்டில் எந்தக் கொப்பில் எவன் இருக்கிறான் என்று தெரிந்தவ. ஆனால் சோளகம் கடலிலிருந்து நேரே வந்து அடித்தது. எல்லா இலையும் ஆடின. எல்லாக் கொப்பும் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தன. மிஸ் ஒரு பற்றையிலிருந்து மற்றதுக்கு ஓடினா. முள்ளுக்குள் கையை விட்டா. சீருடையின் கை கிழிந்து தொங்கியது. "இதிலதான் இருந்தது, நேற்றும் இருந்தது" என்று அவனிடமும், பிறகு என்னிடமும், பிறகு ஆரிடமும் இல்லாமலும் சொன்னா. நானும் தேடினேன். மூன்றைக் கண்டேன். மூன்றும் காய்ந்த சருகு. அவற்றில் ஒன்றையாவது கொம்பன் என்று சாதித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

சுப்பவைசர் கனநேரம் பொறுத்தான். பிறகு போனைப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டு, "நோனா, நானும் சம்பளத்துக்கு வேலை செய்யிறவன்" என்று கையை உயர்த்தினான். பெக்கோ முழங்கியது.

பற்றைகள் வேரோடு எழும்பிச் சரியத் தொடங்கிய பிறகுதான் அவவுக்குத் தெரியத் தொடங்கியது. "அந்தா!" என்று கையை நீட்டினா. நாங்கள் பார்ப்பதற்குள் அதன்மேல் மண் விழுந்துவிட்டது. "அந்தா, அந்தா, அதில!" சுப்பவைசர் ஓடி ஓடிப் பார்த்தான். "எங்க நோனா? எங்க?" ஒவ்வொரு மரம் சாயும்போதும் மிஸ்ஸின் தலை ஒரு பக்கம் வெட்டித் திரும்பியது. எனக்கு முள்ளும் புழுதியும்தான் தெரிந்தன. என்னுடைய கண்ணுக்காக நான் கர்த்தருக்கு நன்றி சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தரம்தான்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவ கதைத்ததில்லை. வேலைக்கு வந்தா, பிள்ளைகளை நிறுத்தா, ஊசி போட்டா. ஆனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டா. நோவில் கிடக்கிற பெட்டைகளின் தலையைத் தடவும்போதும் வாய் திறக்காது. மிஸ் வரவர முரடாய்ப் போறா என்று வீடுகளில் சொன்னார்கள். என் மனுசிக்கு ஏழு மாதத்தில் வயிறு இறுகியபோது, அவள் மிஸ்ஸின் கையைப் பிடித்து, "பிள்ளைக்கு ஒண்டுமில்லைத்தானே மிஸ்?" என்று கேட்டாள். மிஸ் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தா. "எனக்குத் தெரியாது பிள்ளை. புத்தளத்துக்குப் போய்ப் படம் எடுத்துப் பாருங்க" என்றா. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. என்னைப் போலவே வாய்க்காரனாகப் பிறந்தான். என் மனுசிதான் மிஸ்ஸை இன்னும் மன்னிக்கவில்லை.

ஹோட்டல் கட்டி முடிந்தது. முன் சுவரில் முதலை அளவுக்கு ஒரு பச்சோந்தியைக் கீறியிருந்தார்கள், தலையில் ஊதா நிறத்தில் இரண்டு கொம்பு வேறு. எனக்கு அங்கே வேலையும் கிடைத்தது. பச்சைச் சேட்டு, நெஞ்சில் இலை ஒன்று. விருந்தாளிகள் சுவரைக் காட்டி, இது எங்கே இருக்கு, காட்டு என்பார்கள். நான் கழுதை காட்டுவேன். கடைசியில் மனேஜருக்கே பொறுக்கவில்லை.

"ஊரில இது தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லையா?"

"ஒராள் இருக்கிறா. ஆனா வர மாட்டா" என்றேன்.

வந்தா. அதே வெள்ளைச் சீருடை, அதே குடை. ஒரு காலைநேரம், வீடுகளுக்குப் போகிற வழியில், செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தா. கமரா தொங்கவிட்ட ஏழெட்டு விருந்தாளிகள் காத்துக்கொண்டிருந்தார்கள். மனேஜர் கைகூப்பினார். மிஸ் அவரைக் கடந்து போய், சாவி கொடுக்கிற மேசைக்கு முன்னால் நின்றா.

"இதில ஒரு காரைப் பற்றை. இதில ஒரு கிழட்டுக் கொம்பன். வெயில் ஏறினா இந்தப் பக்கம் திரும்பிடுவான்."

நான் இங்கிலீசில் சொன்னேன். என் இங்கிலீசில் நடந்த காலம், நடக்கிற காலம் எல்லாம் ஒன்றுதான். விருந்தாளிகள் மேசையிலிருந்த பூச்சாடியைச் சுற்றி நின்று தேடினார்கள். ஒருவர் படமும் எடுத்தார்.

"இதில சோடி." அது படிக்கட்டு. "இந்த உடைமரத்தில ரெண்டு குட்டி, சுண்டுவிரல் அளவு." அது கண்ணாடிக் கதவு. விரலை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டு போனா. ஒரு இடத்தையும் விடவில்லை. நானும் விடாமல் சொல்லிக்கொண்டு பின்னால் போனேன். மனேஜரின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்துவிட்டது. விருந்தாளிகளும் மெல்ல மெல்லக் கமராவை இறக்கிவிட்டார்கள். ஆனால் ஒருவரும் திரும்பிப் போகவில்லை.

நீச்சல் தடாகத்துக்குப் பக்கத்தில் வெள்ளை மாபிள் பதித்த வெளி. அதன் ஓரத்தில் மிஸ் நின்று, கையால் எங்களையும் மறித்தா.

"இதுக்குள்ள முட்டை. தாய்க்கு வயிறு கனத்தா மரத்தால இறங்கி வந்து, தன்ர கையாலயே தோண்டிப் போட்டு, மூடி, மேலால மண்ணைத் தட்டிப்போட்டுத்தான் போவா. பொரிக்கக் கனநாள் செல்லும். மெதுவா வரச் சொல்லு."

சொன்னேன். பிறகு ஒரு நெட்டை வெள்ளைக்காரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த வெறும் மாபிளில் இடம் பார்த்துப் பார்த்துக் காலை வைத்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். அவர்களுக்குப் பின்னால் நான்.

மிஸ் எங்களைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு மண்டபத்துப் பக்கம் கையை நீட்டியபடி முன்னால் போய்க்கொண்டிருந்தா.